மேடு ஏறாத மோட்டார்

"அம்மணி, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" வெங்கடபதி மறுபடியும் கேட்டார்.

"சக்கரத்துக்குள்ள வெக்கிற மோட்டாரே போதுமுங்கண்ணா." இளவேனிலும் மறுபடியும் அதையேதான் சொன்னாள்.

வெங்கடபதிக்கு அலுப்பாக இருந்தது. பீளமேட்டில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை அவருடையது. காலையிலிருந்து கரண்ட் வருவதும் போவதுமாக ஒரு வேலையும் உருப்படவில்லை. இதில் இந்தப் பெண்ணின் பிடிவாதம் வேறு.

இளவேனிலுக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் கால் இரண்டும் போய்விட்டன. கையால் பெடல் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிளில் எஸ்.டி.டி. டெலிபோன் பூத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தோள்பட்டை தேய்ந்துவிட்டது, இனிமேல் கையால் சுற்றவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் சைக்கிளுக்கு பேட்டரியும் மோட்டாரும் வைக்க வந்திருந்தாள்.

மோட்டாரை இரண்டு விதமாக வைக்கலாம் என்றார் வெங்கடபதி. சக்கரத்தின் நடுவிலேயே வைத்தால் சமமான ரோட்டில் சத்தமில்லாமல் போகும். மேடு வந்தால் திணறி நின்றுவிடும். கைப்பெடலோடு சேர்த்து வைத்துச் செயின் வழியாக இழுத்தால் கொஞ்சம் இரைச்சல் இருக்கும், ஆனால் எந்த மேட்டையும் ஏறிவிடும். விலை இரண்டுக்கும் ஒன்றுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அதிலும் இளவேனில் குடியிருக்கும் லைன் வீடு பள்ளத்தில் இருக்கிறது. மெயின் ரோட்டுக்கு வர ஒரு செங்குத்தான மேடு ஏற வேண்டும். தினமும் அந்த மேட்டில் அவளுடைய வண்டியைத் தள்ளிவிடுகிறவர் அப்பா காளிச்சாமி. மில் மூடியதில் வேலை போனவர். இப்போதும் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, பெடல்ல வெக்கிறதையே வெச்சுக்கலாம். எனக்கும் முட்டி ஆகறதில்ல" என்றார் அவர், மெதுவாக.

"வேண்டாமுங்கப்பா. மேட்ல நீங்க தள்ளிவிட்டாப் போதும்." அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல்தான் சொன்னாள்.

காளிச்சாமி பெருமூச்சு விட்டார். வெங்கடபதிக்கு ஆத்திரம் வந்தது. சம்பாதிக்கிற திமிர், அப்பன்காரனை வண்டி மாடாக வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வீட்டுப் பிள்ளைகளைத் திருத்துவதென்றால் அவருக்கு எப்போதுமே கொஞ்சம் உற்சாகம் வந்துவிடும். அன்றைக்கிருந்த களைப்பிலும் வந்தது.

சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டு, மேடு ஏறுகிற மோட்டாரையே மாட்டி வைத்தார்.

வண்டியை எடுக்க வந்தபோது இளவேனிலுக்கு முகம் சுண்டிவிட்டது. வெங்கடபதி அவளைப் பேசவே விடவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள் என்று இருவரையும் அந்த மேட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார்.

வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியது. காளிச்சாமி பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். வண்டி அவர் கைக்கு எட்டாமல் தன்பாட்டுக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. பாதி மேட்டில் நின்றுவிட்டார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாதவர்போல வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார்.

"இனி உங்களுக்குச் செரமமே இல்லீங்க" என்றார் வெங்கடபதி, பக்கத்தில் போய்.

"ஆமாங்க" என்றார் காளிச்சாமி. சந்தோஷத்தில் மனுஷருக்குப் பேச்சு வரவில்லை என்று வெங்கடபதி எடுத்துக்கொண்டார். நல்ல காரியம் செய்த நிறைவோடு மேலே ஏறிப் போனார்.

மேட்டு உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு இளவேனில் காத்திருந்தாள்.

"இதைக் கழட்டிருங்கண்ணா. நான் கேட்டதையே மாட்டிக் குடுங்க."

வெங்கடபதிக்குப் பொறுமை போய்விட்டது. மனதில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார். முட்டி தேய்ந்த மனுஷர் வாய்விட்டுக் கேட்டும் மனசு இரங்கவில்லையே என்றார். "பெத்த அப்பனை இப்படி வதைக்கோணுமா அம்மணி?" என்றும் கேட்டுவிட்டார்.

அவள் கோபப்படவில்லை. கீழே அப்பா எங்கே இருக்கிறார் என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கல்லில் அப்படியே குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"மில்லு மூடினதும் செவுத்தப் பாத்துப் படுத்தவருங்க. சோறு எறங்கலை, ஒருத்தர்கிட்டயும் பேச்சில்லை. எந்தக் கோயிலுக்குப் போயும் எந்த டாக்டரப் பாத்தும் எந்திரிக்கலைங்க." அவள் குரல் களைத்திருந்தது. "எனக்குப் பூத்துல வேலை கெடச்சுது. மேட்ல தள்ள ஆளில்லீங்கப்பான்னு போய் நின்னேன். அன்னிக்குத்தான் எந்திரிச்சு, சவரம் பண்ணிக்கிட்டு, சட்டை போட்டுக்கிட்டு வெளிய வந்தாரு. முட்டி வலிக்குதுன்னு தெனமும் என்னைத் திட்டுவாரு. திட்டிக்கிட்டே எனக்கு முன்னால கெளம்பி வாசல்ல நிப்பாருங்க."

வெங்கடபதி கீழே கல்லில் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடு ஏறுற மோட்டார மாட்டிப்போட்டீங்கன்னா, அப்பா மறுபடியும் படுத்துக்குவாருங்கண்ணா."