மரவள்ளிக் கட்டுரை

"இஞ்சாருங்கோ, பேப்பர் கந்தோரில இருந்து ஆள் வந்திட்டுப் போகுது. உங்களை உடன வரட்டாம்." சொல்லிக்கொண்டே யோகம் கணவனின் ஒரே நல்ல சட்டையை எடுத்து உதறினாள்.

சட்டையை மாட்டும் அவசரத்தில் குலசிங்கம் பொத்தானை மாற்றிப் பூட்டினான். சந்தோஷ அவசரம்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க் வேலைக்கு வந்தவன் அவன். ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்து ஷோனான் என்று பேர் வைத்ததும் வேலை போயிற்று, ஊருக்குக் கப்பலும் நின்றது. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கலாமென்று அன்றிலிருந்து முட்டி மோதுகிறான். கோயில் திருவிழா பற்றி எழுதினான், கொசு பற்றி எழுதினான். எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன.

பத்திரிகைக்காரன் என்று ஓர் அட்டை கிடைத்தால் போதும். சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடிக்க வரும் லாரி, வேலையில்லாதவனைத்தான் தேடும்.

"மரவள்ளிக் கட்டுரையாத்தான் இருக்கும். எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் யோகம். வீட்டில் மூன்று வேளையும் மரவள்ளிதான் என்பதால் அதை மட்டும் அனுபவித்து எழுதியிருந்தான்.

"போட்டு வாறன்" என்று கிளம்பித் தேக்காச் சந்தையைத் தாண்டிப் பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்தான்.

ஆசிரியர் தனசேகரன் அவனை உட்காரச் சொல்லவில்லை. "என்னய்யா எழுதியிருக்கீங்க?" என்று நகலில் ஒரு வரியைக் காட்டினார்.

'நிப்பொன் நாட்டுப் பெருநகரங்களே தீயில் வேகும் இந்நாளில், நாம் மரவள்ளி வேகவைத்து உண்பது பெரிய கஷ்டமல்ல.'

"ஜப்பான் நகரம் எரியுதுன்னு எந்தப் பேப்பர்ல வந்துச்சு? நம்ம பேப்பர்ல வரலை. எந்தப் பேப்பர்லயும் வரலை."

குலசிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஜாலான் புசார் தெருவில் நண்பன் ரவூப்பின் இரும்புக் கடைப் பின்கட்டில் ஒரு ரேடியோ ஒளிந்திருந்தது. அதில் அவன் கேட்ட லண்டன் செய்தி, எழுதுகிற வேகத்தில் தானாக வந்து விழுந்திருக்கிறது. லண்டனைக் கேட்டவனுக்குத் தலை தங்காது என்பது ஊருக்கே தெரியும்.

"நானும் பார்க்காம சென்சாருக்கு அனுப்பிட்டேன். உங்களை நேர்ல வரச் சொல்றாங்க. நீங்களே போயிடுங்க, இல்லாட்டி வீட்டுக்கு வந்துடுவாங்க." நகலை மடித்தபடி, "கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ஆசிரியர்.

சென்சார் அலுவலகம் மாடியில் இருந்தது. வாசலில் நின்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் அவன் காதோரம் குனிந்தார். "அந்த வரியைப் படிச்சுக் காட்டினதுலேர்ந்து உள்ள இருக்கிற அதிகாரி சாப்பிடலை. பார்த்துப் பேசுங்க."

உள்ளே போய் இடுப்பு வளையக் குனிந்தான். என்ன செய்தாலும் ரவூப்பின் பெயரைச் சொல்லக்கூடாது. யோகத்தை யாராவது பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் யோசிக்க முடிந்தது.

ஜப்பானிய அதிகாரி மேசையில் கிடந்த கட்டுரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. கையசைத்து மொழிபெயர்ப்பாளரை வெளியே போகச் சொன்னார். பிறகு எழுந்து தானே கதவைத் தாழிட்டார். தெருப்பக்கத்து ஜன்னலையும் சாத்தினார்.

"ரேடியோ" என்றார், உடைந்த மலாயில். "கேட்டாயா?"

"இல்லை, துவான்."

"கேட்டாய்."

அதிகாரி அருகே வந்தார். பூட்ஸ் சத்தம் காதுக்குப் பக்கத்தில் நின்றது. குலசிங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டு கழுத்தைத் தாழ்த்தினான்.

வாளை உருவும் சத்தம் வரவில்லை. ஒரு குரல்தான் வந்தது, கிசுகிசுப்பாக.

"ஒசாகாவும் எரிகிறதா? என் வீடு அங்கேதான்."