இரவல் கனவு

முந்தின ராத்திரிக் கனவைக் காட்டினால்தான் டெப்போவில் பஸ் தருவார்கள். ஒரு லாரி விபத்தில் சிக்கிப் பிழைத்த பிறகு டிரைவர் மரியதாஸுக்குத் தினமும் லாரி எதிரே வந்து மோதுகிற கனவுதான். அதைக் காட்டினால் வேலை போய்விடும். அதனால் கனவைப் பதிகிற அவருடைய நெற்றிப்பட்டையை மனைவி ஜெசிந்தா கட்டிக்கொண்டு தூங்குவாள். அவள் கனவில் கோழி வரும், மழை வரும். யாரும் எதுவும் கேட்டதில்லை.

இன்று காலை பரிசோதகர் கலியமூர்த்தி திரையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்ன மரியதாஸ், வீட்ல சண்டையா?"

"இல்லையே சார். ஏன்?"

"துணிப்பையோட கிளம்பி, வீட்டைப் பூட்டி, சாவியைக் கிணத்துல போட்டுட்டு பஸ் ஏறிப் போறீங்க. திரும்பிக்கூடப் பாக்கல. பாட்டு வேற பாடுறீங்க. ஒரு வாரமா இதே கனவுதான்."

மரியதாஸ் திரையை எட்டிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. இதால பஸ்ஸுக்கு ஆபத்து ஒண்ணும் இல்ல" என்று கலியமூர்த்தி வண்டியைக் கொடுத்துவிட்டார்.

அன்று படுக்கும்போது ஜெசிந்தா வழக்கம்போலப் பட்டைக்குக் கை நீட்டினாள். மரியதாஸ் அதைத் தன் நெற்றியில் கட்டிக்கொண்டார்.

"என்னங்க இது? வேலை போயிடுமே!"

"போகட்டும். நீ நிம்மதியாத் தூங்கு."