வெறுந்தகடு

திருவேட்டக்குடிக் கல்லூரி ஆய்வகத்தில் உமாமகேஸ்வரிக்கு வராதது, அண்மையில் வந்து சேர்ந்த தஹ்ஸீனுக்கு வந்தது. அவர்கள் ஆராய்ந்தது, உப்பைப் போல முழுக்க அயனிகளாலேயே ஆன ஒரு திரவம். மைக்கா தகட்டில் ஒரு சொட்டு விட்டால், தகட்டை ஒட்டி அயனிகள் அடுக்கடுக்காக வரிசை கட்டும். மேலிருந்து நுண்ணூசியை இறக்கினால், அது ஒவ்வோர் அடுக்கிலும் தடைபட்டு இறங்கும். கணினித் திரையில் கோடு படிக்கட்டாக விழும். தஹ்ஸீனுக்கு எப்போதும் ஐந்து படிகள். உமாவுக்கு வெறும் கிறுக்கல்.

"கொஞ்சம் பொறுத்து இறக்குங்கக்கா, வந்துரும்" என்று தஹ்ஸீன் கனிவாகச் சொன்னதுதான் உமாவின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

பேராசிரியர் நீலமேகம் பார்க்க வருவதாக இருந்த அன்று, தஹ்ஸீன் மதிய லுஹர் தொழப் போன நேரத்தில், உமா அவளுடைய தகட்டை எடுத்துச் சொட்டைத் துடைத்தாள். கழுவி, நன்றாக உலர்த்தி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

தஹ்ஸீன் வந்து, நீலமேகம் பக்கத்தில் நின்று பார்க்க, புதுச் சொட்டு எதுவும் விடாமலே ஊசியை இறக்கினாள். திரையில் முதல் படி விழுந்தது. பிறகு இரண்டாவது.

"சார், இன்னக்கி ஆறு வந்திருக்கு!"

"பிரமாதம்மா" என்றார் நீலமேகம்.

துடைத்ததை உமாவால் சொல்ல முடியவில்லை. பயத்தை முந்திக்கொண்டு பொறாமை வந்தது. "நானும் ஒரு தடவை இறக்கிப் பாக்குறேன் சார்."

அவள் இறக்கியபோது, காய்ந்த தகட்டில் எப்படி விழ வேண்டுமோ அப்படியே, ஒரு தடையுமில்லாமல் கோடு நேராக விழுந்தது.

"பரவால்லக்கா" என்றாள் தஹ்ஸீன். கருவியின் மூடியைத் திறந்து, காய்ந்த அந்தத் தகட்டை, அதிலிருந்து எதுவும் சிந்திவிடாமல் இரண்டு கைகளாலும் ஏந்தி, மெல்ல நடந்து போனாள்.