பத்தாவது கோடு

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு இங்கிலீஷ் பயிற்சிப் புத்தகம். அக்கா பென்சிலால் எழுதியதை ரப்பரால் அழித்துத் தங்கைக்குக் கொடுப்பார்கள்.

ஒரு பக்கத்தில் பத்து வாக்கியங்கள். எல்லாம் 'ஐ வான்ட் டு' என்று தொடங்கி வெறும் கோட்டில் முடியும். மூத்தவள் கோமளவல்லி பத்தாவது கோட்டில், மேலே படிக்க வேண்டும் என்று இங்கிலீஷில் அழுத்தி எழுதினாள். அந்த வருஷமே கல்யாணமாகிப் போனாள். அடுத்தவள் திலகாவும் அதையேதான் எழுதினாள். அவளை மில்லுக்கு அனுப்பினார்கள்.

மறுபடியும் ரப்பர் தேய்த்தது.

"மத்ததெல்லாம் போயிடுச்சு," என்றது ரப்பர். "இது போக மாட்டேங்குது."

"எழுத்துதான் அழிஞ்சிடுச்சே," என்றது புத்தகம்.

"அழுத்தின தடம் இருக்கு. இன்னும் தேய்ச்சா நீ கிழிஞ்சிடுவ."

புத்தகம் யோசித்தது. "அப்ப விட்டுடு."

மறுநாள் கடைக்குட்டி சுடர்விழி புதுப் பென்சிலைச் சீவி உட்கார்ந்தாள். பத்தாவது கோட்டில் வைத்ததும் முனை தானாகப் பள்ளத்தில் இறங்கியது.

"இங்க யாரோ முன்னாடியே நடந்திருக்காங்க," என்றது பென்சில்.

"ரெண்டு பேர்," என்றது புத்தகம். "நீ நிக்காம போ."