ஆயிரம் கேட்ட மேசைக் கணினி

வாழைக்கன்றுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க, அதன் மரபணு எழுத்துகளைப் புடைத்துக்கொண்டிருந்தாள் மேசைக் கணினி. எழுத்துகளோ கோடிக்கணக்கில் கிடந்தன. இவள் ஒருத்தி புடைத்து முடிக்க ஒரு மாதம் ஆகும். ஜன்னலோரத் தொட்டியில் கன்றுக்கு மிச்சமிருந்ததோ ஒரே ஓர் இலை.

அதனால்தான், மேகம் என்று பேர் வைத்திருக்கும் தொலைதூரக் கூடத்துப் பெரிய கணினிகளை உதவிக்குக் கேட்டு, முந்தாநாளே சீட்டு எழுதிப் போட்டிருந்தாள்.

"என் முறை இன்னும் வரலையா?" என்று, அந்தக் கூடத்தில் சீட்டு பார்த்து முறைப்படி உள்ளே அனுப்பும் வரிசைக்காரனை மறுபடியும் கேட்டாள்.

"நீங்க ஆயிரம் கம்ப்யூட்டர் கேட்டிருக்கீங்கக்கா. ஆயிரமும் ஒரே நேரத்துல சும்மா இருந்தாத்தானே தர முடியும்?"

"எனக்குப் பின்னாடி வந்ததுங்கல்லாம் வேலையை முடிச்சுட்டே போயிடுச்சே."

"அதுங்க நாலு, அஞ்சுன்னு கேட்டுச்சு. உங்க வேலைக்கு எத்தனை போதும்?"

"பத்து போதும். எதுக்கும் இருக்கட்டுமேன்னு..."

"அக்கா, என் இலை மடங்குது" என்றது கன்று.

மேசைக் கணினி எரிச்சலோடு சீட்டிலிருந்த இரண்டு சைபரை அழித்தாள்.

"கேக்குறதுதான் கேக்குறோம், கூடுதலாவே கேப்போம்னு நினைச்ச என் புத்தியை..."

"பத்து கேட்ட அக்கா, உள்ள வாங்க."