எங்கள் பக்கம் கோளாறு இல்லை

"மாதாவே! செத்தவன் மூஞ்சிடா டென்னிஸ்! பொண்ணு போட்டோவத் தொறந்தா செத்தவன் வந்து எட்டிப் பாக்குறான்!"

ரோஸ்மேரி சிலுவை போட்டுக்கொண்டு, கையிலிருந்த மீன் கட்லெட்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தே விட்டார்.

 டென்னிஸுக்கு இதுவரை பார்த்த பெண்களையெல்லாம் அவன் அம்மா ரோஸ்மேரி ஏதாவது ஒரு சகுனத்தைச் சொல்லித் தட்டிக் கழித்திருந்தார். ஒரு வீட்டில் பூனை, ஒரு வீட்டில் தும்மல், இன்னொரு வீட்டில் கரண்ட் போனது. கெஞ்சிக் கூத்தாடி ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்கு அழைத்து வந்திருந்தான். ஜெனியைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்குப் பிடித்தும் போயிருந்தது. பெண்ணே எதிரில் நிற்கும்போது, அவள் போட்டோவைக் கம்ப்யூட்டரில் காட்டியே தீருவேன் என்று அவள் அப்பா இன்னாசி எதற்கு அடம்பிடித்தாரோ தெரியவில்லை.

"குந்துங்க சம்மந்தி, ஒண்ணியும் இல்ல" என்றார் இன்னாசி. "எம் பொண்ணு பேனர் டிசைன் பண்றா இல்ல? காலைல ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் போட்டா. அந்த ஆளு போட்டோதான் கண்ணு சிமிட்ற நேரம் வந்துட்டுப் போவுது. எத்தத் தொறந்தாலும் இப்டித்தான் மினுக்கு மினுக்குனு பேஜாரு பண்ணிகினு கீது."

"பொண்ணு பாக்க வந்த எடத்துல கண்ணீர் அஞ்சலியா? டேய், கெளம்பு!"

ஜெனி மட்டும் பதறவில்லை. செல்போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு டென்னிஸையே பார்த்தாள்.

"நீங்க கம்ப்யூட்டர்காரர்தானே? இது எதனால ஆவுதுன்னு சொல்லுங்களேன்."

டென்னிஸ் குனிந்து பார்த்தான். பகீரென்றது. கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதுவதுதான் அவன் வேலை. இந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது சாட்சாத் அவன் எழுதிய டிரைவரேதான்.

யாராவது புகார் அனுப்பினால் அவனிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்: 'எங்கள் பக்கம் கோளாறு எதுவும் இல்லை. உங்கள் வேண்டுகோள் பரிசீலனையில் இருக்கிறது.' அதை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். இப்போதும் அது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அம்மா வாசலில் ஒரு செருப்பை மாட்டியாகிவிட்டது.

"அம்மா, நில்லு! சகுனமும் இல்ல, பேயும் இல்ல. தப்பு எங்க டிரைவர் மேலதான்!"

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றாள் ஜெனி.

"தப்பு எங்களுதுதான்!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினான் டென்னிஸ். "டீக்கடையில ஒருத்தர் குடிச்ச கிளாஸக் கழுவாம அடுத்த ஆளுக்குக் குடுத்தா எப்படி இருக்கும்? அதாம்மா இது. ஒரு படம் இருந்த மெமரியத் தொடைக்காமலே அடுத்த படத்துக்குக் குடுத்துடுது. புதுப் படம் ரொம்புறதுக்குள்ள ஸ்கிரீன் அவசரப்பட்டுக் காட்டிடுது. அதுக்குள்ள பழசு தெரிஞ்சிடுது."

"அப்போ அந்த செத்தவரு?"

"கிளாஸ் அடியில தங்குன டீம்மா."

"அப்டின்னா கழுவுடா, பாப்போம்." ஒற்றைச் செருப்போடு நாற்காலிக்குத் திரும்பினார் ரோஸ்மேரி.

எங்கே போனாலும் கூடவே தூக்கிப் போகும் லேப்டாப்பைத் திறந்தான் டென்னிஸ். ஆபீசில் ஒரு நாளும் வராத வேகம் அன்றைக்கு அவனுக்கு வந்தது. மெமரியைத் துடைத்துவிட்டுக் கொடு, புதுப் படம் முழுதாக வந்த பிறகே திரைக்குக் காட்டு. டிரைவரில் சேர்க்க வேண்டியது அவ்வளவுதான். இன்னாசி அவன் எழுந்துவிடாதபடி பக்கத்திலேயே நின்று கட்லெட்டாக வைத்துக்கொண்டிருந்தார்.

திருத்திய டிரைவரை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் ஜெனி தன் போட்டோவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கல்யாண பேனர், சர்ச் புதுநன்மை விழா பேனர், கட்சி பேனர் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஒரு மினுக்கல் இல்லை. செத்தவர் ஒருவழியாக அடக்கமாகிவிட்டார்.

ரோஸ்மேரி செருப்பைக் கழற்றினார். "எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்குடா."

டென்னிஸுக்குத் தலைகால் புரியவில்லை. "உங்களுக்கு என்னைப் புடிச்சிருக்கா?" என்று ஜெனியிடமே கேட்டுவிட்டான்.

ஜெனி அதுவரை செல்போனில் எடுத்துக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினாள்.

"ஈஸ்டருக்கு முன்னாடி தவக்காலத்துலருந்து உங்க கம்பெனிக்கு கம்ப்ளெயின்ட் போட்டுகினு கீறவ நான்தான். இப்ப கிறிஸ்மஸ் ஸ்டாரே கட்டியாச்சு. எப்ப போட்டாலும் ஒரே பதில், அடியில உங்க பேரு. கல்யாண பேனருக்கு வந்தவங்கல்லாம் ஏதாவது ஒரு செத்தவர் மூஞ்சியப் பாத்துட்டு ஓடிட்டாங்க, என் பொழப்பே போச்சு. அப்பதான் சர்ச்சுல உங்க பயோடேட்டா வந்துச்சு, கம்பெனி பேரோட. உங்கள இந்த மிஷின் முன்னால குந்த வைக்க வேற வழி தெரியல. அதான் பொண்ணு பாக்க வரச் சொன்னோம்."

இன்னாசி தலையை உயர்த்தி, தொங்கிய ஸ்டாரை அக்கறையாகப் பார்த்தார்.

"அப்போ கல்யாணம்?" என்றான் டென்னிஸ்.

ஜெனி கடைசி கட்லெட்டை அவன் தட்டில் வைத்தாள்.

"எங்கள் பக்கம் கோளாறு எதுவும் இல்லை. உங்கள் வேண்டுகோள் பரிசீலனையில் இருக்கிறது."