அப்பாவுக்குக் குளிர் ஆகாது

கென்சாகு கூடத்தைச் சூடாக்கும் ஸ்டவ்வை அணைத்தான். அது போதாதென்று ஜன்னலையும் அகலத் திறந்துவிட்டான். வெளியே கொட்டிக்கொண்டிருந்த பனி கூடத்துக்குள்ளும் வந்து விழுந்தது.

கூடத்தில், மெல்லிய போர்வைக்குள் அப்பா படுத்திருந்தார்.

"உனக்கென்ன பைத்தியமாடா பிடிச்சிருக்கு?"

வாசலில் நின்று கத்தினாள் அவனுடைய அக்கா தோமோயே. ஒரு காலில் இன்னும் பூட்ஸ் இருந்தது. பனியால் ரயில் நின்று நின்று வந்ததில், டோக்கியோவிலிருந்து யோகோதே வந்துசேர மதியம் தாண்டிவிட்டது.

"வா அக்கா," என்றான் கென்சாகு. வீட்டுக்குள்ளேயே கனத்த கோட்டும் கம்பளித் தொப்பியுமாக இருந்தான். கண்கள் வீங்கி, மூக்கு சிவந்திருந்தது.

"குடிச்சிருக்கியா?"

"இல்ல."

தோமோயே அவனைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னலை அடித்துச் சாத்தினாள். தடித்த திரையை இழுத்து மூடினாள்.

"அப்பாவுக்குக் குளிர் ஆகாதுன்னு உனக்குத் தெரியாது? இலை உதிர ஆரம்பிச்சாலே ஸ்டவ்வை ஏத்துன்னு நச்சரிக்கிறவருடா!"

"தெரியும். நீ ஜன்னலைத் திற."

"மாட்டேன். என்ன பண்ணுவே?"

ஸ்டவ்விலிருந்து எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளி, வடக்கே தலைமாடாகப் படுக்கையைப் போட்டிருந்தான். தோமோயே பையைத் திறந்து, புத்தாண்டுக்கென்று அப்பாவுக்கு வாங்கி வைத்திருந்த புதுக் கம்பளியை எடுத்து விரித்தாள். போர்த்தும்போது அவருடைய பாதத்தில் கை பட்டது.

"ஐஸா இருக்குடா! பாவி, தொட்டுப் பாருடா!"

"தொட்டுப் பாத்துட்டேன்," என்றான் அவன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அவள் ஸ்டவ்வின் முன் மண்டியிட்டுத் திரியைத் திருகி உயர்த்தினாள். தீப்பெட்டியை எடுப்பதற்குள் கென்சாகு குறுக்கே வந்து நின்றான்.

"அக்கா, கெஞ்சிக் கேக்கிறேன். ஸ்டவ் மட்டும் வேணாம்."

"ஏன், மண்ணெண்ணெய் தீர்ந்துடுமா? கஞ்சப் பிசினாறி! நான் வாங்கித் தர்றேன், நகரு."

"மூணு வருஷமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்காதவ நீ. வந்ததும் வராததுமா அப்பாவுக்குக் குளிருதுன்னு கண்டுபிடிச்சிட்டியா?"

அவள் கையிலிருந்த குச்சி ஒடிந்தது. இன்னொன்றை உரசினாள். அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். எரிகிற குச்சி பாயில் விழ, அதைக் காலால் மிதித்து அணைத்தான். இரண்டு பேருக்கும் மூச்சு இரைத்தது. வாயிலிருந்து புகைபோல ஆவி வந்தது.

"கையை விடுடா," என்றாள் தோமோயே. "எனக்காக ஒண்ணும் வேணாம். அவருக்காக விடு."

பிடி தளர்ந்தது. கென்சாகு போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

ஸ்டவ் பற்றிக்கொண்டது. அவள் அதன் மேல் கெட்டிலை வைத்தாள். நாலைந்து ஆரஞ்சுகளை ஓரத்தில் அடுக்கினாள். தோல் கருகும் அந்த வாசனை அப்பாவுக்குப் பிடிக்கும். வெள்ளை விளக்கை அணைத்து மூலையிலிருந்த மஞ்சள் விளக்கைப் போட்டாள். சுருட்டி வைத்திருந்த கம்பளத்தைப் பிரித்துத் தரையில் விரித்தாள். மெத்தைகளைத் தட்டிப் போட்டாள். நிற்கவே இல்லை அவள்.

கெட்டில் முனக ஆரம்பித்தது. அறை மெல்ல மெல்ல இளகியது.

"இப்பத்தான் இது அப்பா இருக்கிற வீடு மாதிரி இருக்கு," என்றாள்.

கென்சாகுவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. படுக்கையைப் பார்த்தான், ஸ்டவ்வைப் பார்த்தான், எழுந்து நின்றான். "அக்கா, போதும். அணைச்சிடு."

"கிட்ட வந்தே, இந்த வெந்நீரைத் தூக்கி மேல ஊத்திடுவேன்!"

கெட்டிலின் பிடியில் அவள் கை இருந்தது. அவன் ஓரடி எடுத்து வைத்தான். அவளும் கெட்டிலைத் தூக்கினாள்.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"நுமாதா சார் வந்துட்டார்," என்று பெருமூச்சு விட்டான் கென்சாகு. "நான் சொன்னா நீ கேக்க மாட்டே. அவர் சொன்னாலாவது கேப்பியா?"

"வரட்டும். உன் லட்சணத்தை ஊரே தெரிஞ்சுக்கட்டும்."

கறுப்புக் கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் பனியை உதறிவிட்டு உள்ளே வந்தார். தடித்த கையுறை போட்ட கைகளில் கனமான வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. தோமோயே கெட்டிலை வைத்துவிட்டு அவரிடம் ஓடினாள்.

"சார், நீங்களே நியாயம் சொல்லுங்க! ஸ்டவ்வை அணைச்சிட்டு, ஜன்னலைத் திறந்து வச்சிருக்கான் இவன். பெத்த அப்பாவை யாராவது இப்படிப் போடுவாங்களா?"

நுமாதா படுக்கையருகே மண்டியிட்டுத் தலை தாழ்த்தி வணங்கினார். அவள் போர்த்திய கம்பளியை மெதுவாக மடித்து எடுத்து, அவள் கையிலேயே கொடுத்தார்.

பிறகு ஸ்டவ்விடம் போய்த் திருகைத் திருப்பினார். தீ சுருங்கி அணைந்தது. கென்சாகு ஜன்னலைத் திறந்தான்.

இந்த முறை தோமோயே தடுக்கவில்லை. கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நுமாதா வெள்ளைப் பெட்டியைத் திறந்தார்; உள்ளே ஐஸ் கட்டிகள் புகைந்தன. அவள் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார்.

"நாளைக்குத் தகனம் வரைக்கும் உடம்பு தாங்கணுமேம்மா."